மச்சாளின் கப்பல்

மச்சாள் வீட்டுக்குப் போவது சுலபம். அங்கிருந்து வெளியே வருவதுதான் பெரும்பாடு.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. பீல் நகரத்தில் எங்களைத் தெரிந்த தமிழ்ச் சனம் முழுவதும் அவரை அக்கா என்றே கூப்பிட்டது. அவர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. இன்றும் அவரைத் தெரிந்த இரண்டு பேர் சந்தித்தால், அவர் வீட்டு வாசலில் கோட்டோடு வேர்த்து நின்ற கதையைத்தான் முதலில் சொல்வார்கள்.

விருந்தாளி எழும்பும்போதுதான் அவருக்கு உண்மையான கதை தொடங்கும். "சொல்ல மறந்துபோனன்" என்று ஆரம்பிப்பார். அந்தக் கதை முடிவதற்குள் குசினியில் பால் பொங்கிவிடும். பால் பொங்கினால் தேநீர் குடிக்காமல் போக முடியுமா? தேநீர் முடிகிற நேரத்தில் வடையைப் பொதி கட்டிக்கொண்டிருப்பார். பொதி கட்டி முடியும்வரை நிற்கத்தானே வேண்டும். பஸ் போய்விடும் என்றால் அடுத்த பஸ் வரும்தானே என்பார். அவர் வாயில் எந்த பஸ்ஸும் கடைசி பஸ்ஸாக இருந்ததில்லை.

ஒருமுறை சோலோதுர்னிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இப்படியே கடைசி ரெயினைத் தவறவிட்டு அங்கேயே படுத்தது. மறுநாள் காலை நான் போனபோது மச்சாள் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கல்யாண வீடு மாதிரிக் குசினி முழுக்க ஆவி. வந்தவர்களோ மாற்று உடுப்பில்லாமல், வேலைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், கதிரை நுனியில் இருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் என் கையைப் பிடித்து, எப்படியாவது எங்களை வெளிக்கிட வையுங்கோ என்று கேட்டாள். நானும் அந்த வீட்டில் அவளைப் போலத்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

நான் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தபோது, மச்சாள் வசித்த அதே தொடர்மாடியில், அவர் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் எங்களுக்கு வீடு எடுத்து வைத்திருந்தார். கட்டில், திரைச்சீலை, அரிசி வாளி எல்லாம் அவர் தேர்வு. எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று அவர் வீட்டு ஆணியில் தொங்கியது. வந்த மூன்றாவது மாதம், அவர் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்த முதியோர் இல்லத்திலேயே எனக்கும் வேலை எடுத்துத் தந்தார். காலையில் ஒன்றாகப் போனோம், மாலையில் ஒன்றாக வந்தோம். ஏரிக்கரையில் தனியாக நடந்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிறு வெளிக்கிட்டேன். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டு அவரும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "தனியப் போய் என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டார். பிறகு பல வருடங்கள் அந்தக் கேள்விக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவரை வெறுக்கவும் முடியவில்லை. அந்த முதியோர் இல்லத்தில் அவர் செய்த ஒரு காரியத்தால்தான் அது.

ஞாயிறு மத்தியானத்தில் பிள்ளைகள் வந்து தாய் தகப்பனைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எப்போது எழும்பலாம் என்ற கணக்கு அவர்களின் கண்ணில் தெரியும். மூன்றாம் மாடியில் ஒரு மூதாட்டி இருந்தார். மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் காலம் முழுக்க வேலை செய்தவர். அவருடைய மகன் வந்தால் கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டார். மகன் எழும்புகிற சரியான நேரத்தில், எங்கிருந்தோ மச்சாள் கோப்பித் தட்டோடு உள்ளே வருவார். துணி தோய்க்கிறவருக்கும் கோப்பிக்கும் சம்பந்தமே இல்லை. தன் அரைகுறை ஜெர்மனில், உங்கள் அம்மா நேற்று உங்களைப் பற்றித்தான் கதைத்தா என்று தொடங்குவார். மகன் வேறுவழியில்லாமல் மறுபடி இருப்பார். ஒருநாள் அவர் கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவியதை நான் என் கண்ணால் கண்டேன். மேற்பார்வையாளர் மச்சாளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். மச்சாள் தலையாட்டிவிட்டு அடுத்த ஞாயிறும் தட்டோடு போனார்.

ஏன் அவர் இப்படி என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறேன். தாய் இறந்தபோது இவர்தான் வீட்டில் பெரியவர். தம்பிமார் இரண்டு பேரையும் தங்கையையும் வளர்த்தது இவர். பிறகு நாட்டுப் பிரச்சினையில் ஒவ்வொருவராகச் சாப்பாடு கட்டிக் கொடுத்து வெளியே அனுப்பியதும் இவர். ஒருவர் ரொறன்ரோவுக்கு, தங்கை லண்டனுக்கு, கடைசித் தம்பி, அதாவது என் கணவர், பீலுக்கு. தகப்பன் செத்த பிறகு, பீலில் இருந்த ஒருவரைக் கல்யாணம் கட்டி இவரும் வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. சகோதரம் நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே ஒருநாள்கூட அதற்குப் பிறகு இருந்ததில்லை. ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேர் வருவார்கள், ஒரு செத்தவீட்டுக்கு இரண்டு பேர் வருவார்கள். வந்தவரும் திரும்பிப் போகும் ரிக்கற்றோடுதான் வருவார்.

அப்படியிருக்கும்போதுதான் கப்பல் வந்தது.

வேலையால் வரும்போது பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பயண முகவர் கடை. அதன் கண்ணாடியில் ஒரு படம். அகலமான ஆறு, வெள்ளைக் கப்பல், இரண்டு கரையிலும் சிவப்பும் மஞ்சளுமாகக் காடு. கனடாவில் இலையுதிர் காலத்தில் கியூபெக்கிலிருந்து புறப்பட்டு, ஆறு வழியாகக் கடலுக்கு இறங்கி, பொஸ்ரன் வரை போகும் கப்பல். மச்சாள் அதன் முன்னால் நின்றுவிட்டார். இலை சிவக்கிறதைப் பார்க்க இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், எங்கள் யன்னலுக்கு வெளியே நிற்கிற மேப்பிள் மரமும் இப்போது அப்படித்தானே நிற்கிறது என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், எங்கடை மரத்தைப் பாக்க ஒருத்தரும் வரமாட்டினம் என்றார்.

உள்ளே போய், படப்புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அவற்றை விரித்து வைத்து, ரொறன்ரோவையும் லண்டனையும் தொலைபேசித் திரையில் கூப்பிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒக்ரோபரில் நாலு குடும்பமும் இந்தக் கப்பலில் போகிறோம் என்று அறிவித்தார். தங்கை, நல்ல யோசினைதான் அக்கா என்றார். தம்பி, பாப்பம் அக்கா என்றார். மச்சாளுக்கு அந்த இரண்டும் ஓம்தான். அவர் மேசையைத் தடவிக்கொண்டு சந்தோசமாகச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"கப்பலெண்டால் ஒருத்தரும் இடையிலை எழும்பிப் போகேலாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறுகள் கப்பலுக்குப் போயின. ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் புத்தகத்தை வாசித்துச் சொல்வது என் வேலை. எந்தத் தட்டில் அறை எடுப்பது, லண்டன் தங்கைக்குக் கடல் ஒத்துவராதே, அவளை நடுவில் போட வேண்டும், ரொறன்ரோத் தம்பிக்குக் குறட்டை, அவனைத் தள்ளிப் போட வேண்டும். நாலு அறையும் ஒரே நடைபாதை ஓடையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். யாருக்கும் யன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார். இலை பார்க்கப் போகிறவர்களுக்கு யன்னல் இல்லாத அறை. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எதிரே மச்சாளின் கணவர் இருப்பார். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். மணிக்கூட்டுக் கவசங்களை மினுக்கும் தொழிற்சாலையில் வேலை, வீட்டில் அதிகம் வாய் திறக்காத மனிதர். புத்தகத்தில் உள்ள மரங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மச்சாளுக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆகவே அந்த 'இல்லை' எல்லாம் எனக்கு வந்தது. வாரநாளில் லண்டனிலிருந்து தங்கை தொலைபேசி எடுப்பார். தண்ணீரைக் கண்டாலே தலை சுத்துது, நீங்கள்தான் அக்காவுக்கு மெல்லமாகச் சொல்ல வேணும் என்பார். ரொறன்ரோ அத்தான் இன்னும் வெளிப்படை.

"தங்கச்சி, இந்த இலையை ஒவ்வொரு வருசமும் குனிஞ்சு கூட்டி அள்ளி எனக்கு நாரி முறிஞ்சுபோச்சுது. அதைப் பாக்க நான் கப்பலிலை போகவோ?"

நீங்களே சொல்லுங்கோ அத்தான் என்றால், அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது என்பார். தொலைபேசியில் முகம் எங்கே தெரிகிறது என்று கேட்டால், குரலிலும் முகம் இருக்கும் என்பார்.

எங்களிடமும் ஒரு 'இல்லை' இருந்தது. அந்த வசந்தத்தில் என் கணவருக்குச் சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில், மருந்துப் பெட்டிகள் பொதி செய்யும் தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்தது. எனக்கும் அந்தப் பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில், வேலை செய்துகொண்டே அந்தத் தொழிலை முறையாகப் படிக்கும் இடம் கிடைத்தது. நான் ஆசைப்பட்ட படிப்பு. முன்பு ஒருமுறை பேர்ணில் அதே படிப்புக்குப் போக நினைத்தபோது, இங்கேயே எல்லாம் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி மச்சாள் அதை ஆறப் போட்டுவிட்டார். இந்தமுறை நாங்கள் அவருக்குச் சொல்லாமல் கையெழுத்து வைத்தோம். வருட முடிவில் வீடு மாற வேண்டும். எப்படிச் சொல்வது? சொல்வோம், சொல்வோம் என்று கோடை போனது. என் கணவர் கடைசியில், கப்பலால் வந்த பிறகு சொல்லுவம் என்றார். கப்பல் அடுத்த வருடம் என்பதையும், அந்தக் கப்பலில் யாருமே ஏறப்போவதில்லை என்பதையும் நான் அவருக்கு நினைவுபடுத்தினேன். அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே மச்சாள் வீட்டில் வெங்காயம் தாளிக்கும் மணம் மேலே வந்தது. அவருக்கு நாங்கள் நடக்கும் சத்தம்கூடக் கேட்கும். அந்த நாட்களில் எங்கள் சொந்த வீட்டில் நாங்கள் காதோடு காதாகத்தான் கதைத்தோம்.

ஒக்ரோபர் தொடக்கத்தில் மச்சாளுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய கப்பலுக்கு முதல் சின்னக் கப்பலில் பழகிப் பார்க்க வேண்டும். பீலிலிருந்து சோலோதுர்னுக்கு ஆரே ஆற்று வழியாகப் பயணிகள் படகு ஓடும். குளிர்கால நிறுத்தத்துக்கு முந்திய ஞாயிறு அது. நாங்கள் நாலு பேரும் ஏறினோம். மச்சாள் இரண்டு பெரிய பைகளில் சாப்பாடு கட்டியிருந்தார். கட்லட், புளிச்சாதம், மிளகாய்ப் பொரியல், குடுவையில் தேத்தண்ணி.

அன்று புகார், ஆற்றை மூடிய பனிமூட்டம். பீலில் ஒக்ரோபர் மாதக் காலைகள் அப்படித்தான். இரண்டு கரையும் தெரியவில்லை. இலை பார்க்க வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சாளுக்கு அது குறையாகவே படவில்லை. எல்லோரும் ஒரே மேசையில் இருக்கிறோமே. அவர் தட்டுகளைப் பரிமாறிக்கொண்டு, பெரிய கப்பலில் சகோதரம் நாலும் ஒரு மேசையில் எப்படி இருக்கும், யார் யாருக்குப் பக்கத்தில் என்று சொல்லிக்கொண்டே போனார்.

போர்ட் என்ற இடத்தில் ஆற்றைக் கதவு போட்டு மறித்திருப்பார்கள். படகு உள்ளே போனதும் பின்கதவு மூடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து, படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிய பிறகுதான் முன்கதவு திறக்கும். அதுவரை இரண்டு பக்கமும் ஈரச்சுவர். இயந்திரம் அடங்கிவிட்டது. சுவர் மெல்ல உயர்வது மாதிரி இருந்தது. மச்சாள், அடுத்த வருசம் வெளிக்கிட முந்தி உங்கடை வீட்டுத் திரைச்சீலையை மாத்துவம், நான் துணி பாத்து வைச்சிருக்கிறன் என்றார்.

"மச்சாள், அடுத்த வருசம் நாங்கள் பீலிலை இருக்கமாட்டம்" என்றேன்.

என் கணவர் தட்டைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை. ஷ்லீரனைச் சொன்னேன், படிப்பைச் சொன்னேன். சொல்லத் தொடங்கிய வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. லண்டனும் வராது, ரொறன்ரோவும் வராது, ஒருத்தருக்கும் உங்களிட்டைச் சொல்லத் தைரியமில்லை என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் சுவர்களுக்கு நடுவே அது பெரிதாகக் கேட்டது.

மச்சாள் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை. முன்கதவு திறந்து படகு அசைந்தது. மச்சாள் எஞ்சிய கட்லட்டுகளை ஒரு டப்பாவில் அடுக்கி மூடினார்.

ப்யூரன் என்ற ஊர்த் துறை வரும்போது புகார் கலைந்தது. திடீரென்று இரண்டு கரையும் வந்தன. நெட்டை மரங்கள் எல்லாம் மஞ்சளில் நின்றன. அண்ணை மட்டும் எழும்பிக் கண்ணாடி ஓரமாகப் போய்ப் பார்த்தார். மச்சாளும் எழும்பினார். கைப்பையை எடுத்தார். கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தோம். படகு துறையில் ஒட்டியது, பலகை போட்டார்கள், சைக்கிள்களோடு இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் மச்சாள் இறங்கினார். நாங்கள் விளங்கி எழும்பும் முன் பலகையை எடுத்துவிட்டார்கள். கரைக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீர் அகன்றது. என் கணவர் கண்ணாடியைத் தட்டி அக்கா, அக்கா என்று கூப்பிட்டார். மரங்களுக்குக் கீழே கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு மச்சாள் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய தொலைபேசிக்கு எடுத்தோம். அது எங்கள் மேசையில், சாப்பாட்டுப் பைக்குள் அடித்தது.

பக்கத்தில் ஆறு. நான் சொன்ன சொல்லும் அவர் நடந்த விதமும். அடுத்த துறை வரை யாரும் இறங்க முடியாது. அண்ணையின் கையைப் பிடித்து ஏதாவது செய்யுங்கோ என்றேன். அவர் இன்னும் கண்ணாடி வழியே பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயமில்லை, ஏதோ ஆச்சரியம்.

"விடும்" என்றார். "ஒருக்காலாவது இறங்கட்டும்."

அடுத்த துறையில் இறங்கி, பஸ்ஸும் ரெயினுமாகப் பீலுக்கு ஓடினோம். வீட்டில் மச்சாள் இல்லை. அவர் வீட்டு மேசையில் மூன்று பேரும் இருந்தோம். அவர் இல்லாத அந்த வீட்டில் நான் இருந்தது அதுதான் முதல்தரம். போலீசுக்குச் சொல்வோமா என்று என் கணவர் எழும்பியபோது கதவு திறந்தது. மச்சாள் கையில் கடுதாசிப் பை, அதற்குள் ரெயில் நிலையத்து வாசலில் சுட்டு விற்கும் கஸ்தானியங்கொட்டைகள். சூடு ஆறவில்லை. சாப்பிட்டீங்களோ என்று கேட்டார். எங்கே போனீர்கள் என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை.

மறுநாள் வேலையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, ஷ்லீரனுக்கு எப்ப என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்த ஞாயிறே ரொறன்ரோவையும் லண்டனையும் கூப்பிட்டு, நீங்கள் ஒருத்தரும் வரத் தேவையில்லை, நாங்கள் ரெண்டு பேரும் போறம் என்று சொல்லிவிட்டார். ஒரு வருடமாக அழாக்குறையாய் மறுத்துக்கொண்டிருந்த லண்டன் தங்கை எனக்கு எடுத்து, அக்கா என்னை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா என்று உண்மையாகவே அழுதார்.

அடுத்த ஒக்ரோபரில் மச்சாளும் அண்ணையும் போனார்கள். இருவருக்கும் ஒரு அறை, பெரிய யன்னலோடு. அப்போது நாங்கள் ஷ்லீரனில் இருந்தோம். கியூபெக்கில் கப்பல் புறப்படும் நாளில், ரொறன்ரோ அத்தான் அவ்வளவு தூரம் கார் ஓடிப்போய் அவர்களைச் சந்தித்தார். அங்கிருந்து எனக்கு எடுத்தார்.

"தங்கச்சி, அக்காவுக்கு ஏதும் வருத்தமோ?"

ஏன் என்று கேட்டேன். ஒன்றாகச் சாப்பிட்டார்களாம், துறைமுகத்தில் கொஞ்சம் நடந்தார்களாம். பிறகு அக்கா, இருட்டுப்பட முந்தி வெளிக்கிடு, தூரம் ஓட வேணுமெல்லே என்று சொல்லிவிட்டு அண்ணையோடு கப்பலுக்குள் போய்விட்டாராம். "எப்பிடியும் விடமாட்டா எண்டு மூண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தனான்" என்றார். காருக்குள்தான் இருக்கிறார், இன்னும் வெளிக்கிடவில்லை என்று தெரிந்தது.

அந்த மார்கழியில் நான் தனியாகப் பீலுக்குப் போனேன். மச்சாள் கப்பலில் எடுத்த படங்களைக் காட்டினார். எல்லாம் மரம். மனிதர் இருந்த ஒரே படத்தில் அண்ணை தொப்பியோடு சிரித்துக்கொண்டு நின்றார். அவர் பல் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். மச்சாள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வருடமாய் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் ப்யூரனில் இறங்கினீர்கள், என்னில் கோபித்துக்கொண்டா?

"கோவம்தான்" என்றார். "ஆனால் இறங்கினது அதுக்கில்லை. பலகை போட்டினம். ரெண்டு பேர் இறங்கிச்சினம். எனக்கும் இறங்கேலுமோ எண்டு பாத்தனான்."

"பிறகு?"

"இறங்கலாம்" என்றார்.

சுளைகளைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் பாதியைச் சாப்பிட்டார். நான் போக நினைத்திருந்த ரெயினுக்கு நேரமாகியது. அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை. நான் இருந்தேன்.